பட்ஜெட்டில் காணாமல் போன பாலம்

"…கல்லு நட்டது நெசந்தாங்க, நான் இல்லைன்னு சொல்லல. அந்தக் கல்லுலதான் நாங்க இப்ப துணி தொவைக்கிறோம். பாலத்தத்தான் காணோம்."

சொன்னவர் மாரியாயி அக்கா. ருவான்வெல்லைப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் முப்பது வருசம் பால் வெட்டியவர். சொன்ன இடம் எங்கள் பிரதேச சபை முன்கூடம். கேட்டுக்கொண்டு நின்றவன் நான், பட்ஜெட் கிளார்க்.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். உறுப்பினர்கள் தங்கள் வட்டாரத்துக்கு வேண்டியதை எழுதித் தருவார்கள். நிதிக்குழு அதில் பாதியை வெட்டும். மிச்சத்தை நாங்கள் புத்தகமாக்கி, வாக்கெடுப்புக்கு முன்னால் ஏழு நாள் பொதுமக்கள் பார்வைக்கு வைப்போம். ஒரு மேசை, ஒரு நாற்காலி, கருத்து எழுத ஒரு கொப்பி. யாரும் வருவதில்லை. அக்கா வரும்வரை அந்தக் கொப்பியில் இருந்தது, பேனா எழுதுதா என்று நான் கிறுக்கிப் பார்த்த கோடுகள்தான்.

அக்கா முதல் நாளே வந்தார். புத்தகம் சிங்களத்தில். அவர் சிங்களத்தில் பொரிந்து தள்ளுவார், வாசிக்க வராது. பாலம் எத்தனையாம் பக்கம் என்று காட்டினால் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவதாகச் சொன்னார். நான் முன்னும் பின்னும் புரட்டினேன். இல்லை.

காரணம் நான்தான். பட்ஜெட்டை யாரும் முதலிலிருந்து எழுதுவதில்லை. போன வருசத்துப் பைலைத் திறந்து, வருசத்தை மாற்றி, முடிந்த வேலைகளை அழிப்போம். எது முடிந்தது என்று பார்க்கத் தோட்டம் தோட்டமாக யார் ஏறி இறங்குவது? பைலில் விழாப் படம் இருந்தால் வேலை முடிந்தது. பாலத்துக்குப் படம் இருந்தது. சபைத் தலைவர், அதாவது எங்கள் தவிசாளர், மாலையும் கழுத்துமாகச் சிரித்துக்கொண்டு நின்றார். அது அடிக்கல் விழா என்பதைக் கவனிக்காமல் பாலத்தை அழித்துவிட்டேன்.

"ஓடையில தண்ணி ஏறுனா எங்க பேரப்புள்ளைங்க ரெண்டும் ஸ்கூலுக்குப் போக ஏலாது தம்பி. போன மாசம் பாதி நாளு வூட்டுலதான்" என்றார் அக்கா.

தவிசாளரிடம் போய் என் தப்பைச் சொன்னேன். புத்தகம் அச்சாகிவிட்டது, அடுத்த வருசம் பார்ப்போம் என்றார். பாலத்தின் இடத்தில் சபை வாசலுக்கு ஒரு நீரூற்று ஏறியிருந்தது. வானம் சும்மாவே ஊற்றும் ஊரில் அது அவருடைய ஆசை.

ஒரே வழி கொப்பிதான். அதில் எழுதியதைச் சபையில் வாசித்தே ஆக வேண்டும். அக்கா தமிழில் அரைப் பக்கம் எழுதினார். அதோடு போகவில்லை. யாராவது தாளைக் கிழித்துவிடக்கூடாதென்று, ஏழு நாளும் தேத்தண்ணிப் போத்தலோடு வந்து காவல் இருந்தார்.

கூட்டத்தன்று அதைச் சிங்களத்தில் வாசிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. "கல்லுல இருக்கிற தவிசாளர் மாத்தயா பேரு மேல டெய்லி சவுக்காரம் போடுறோம். எழுத்து மங்கிக்கிட்டே வருது. பாலத்தக் கட்டிட்டா பேரு தப்பிச்சிரும்."

ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி எல்லாம் சேர்ந்து சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். கடைசியில் தவிசாளரும் சிரித்தார். நீரூற்றை எடுத்துப் பாலத்தைப் போடும்படி அவரே பிரேரித்தார். பட்ஜெட் ஒரு வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது.

அதற்குப் பிறகு, ஓய்வு பெறும்வரை, நேரில் போய் அதன் மேல் நடந்து பார்க்காமல் ஒரு வேலையையும் நான் முடிந்ததென்று அழிக்கவில்லை. நீங்களும் அப்படியே செய்யுங்கள். செருப்பு தேய்ந்தால் வேறு வாங்கலாம்.

அன்று கூட்டம் முடிந்ததும் தவிசாளர், அக்கா இருந்த பார்வையாளர் பெஞ்சுக்கே வந்து, தை மாதம் புதுக்கல் வைத்துப் பெரிய விழா எடுப்போம், நீங்கள்தான் விளக்கேற்ற வேண்டும் என்றார். அக்கா சரிங்க என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை சபை வாசலில் ஒரு த்ரீவீலர் வந்து நின்றது. அக்கா டிரைவர் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். பின்சீட்டில் அந்தப் பழைய அடிக்கல் இருந்தது. டிரைவரையும் என்னையும் தூக்கவைத்து, தவிசாளர் அறை வாசலில் அதை இறக்கினார். முந்தானையால் ஒரு துடை துடைத்தார்.

"புதுக்கல்லு எதுக்குங்க? இதுலயே தேதிய மட்டும் மாத்திக்குங்க" என்று சொல்லிவிட்டு, அதே த்ரீவீலரில் ஏறி, இந்த முறை பின்சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு போனார்.