ஒன்பதாம் மாடியில் பாடினேன், எட்டாம் மாடியில் கேட்கவைத்தார்

என் உடம்பில் பாதி சன்னலுக்கு வெளியே இருந்தது. இடது கையால் சட்டத்தைப் பிடித்திருந்தேன். வலது கையில் ஈரத் துணி. வெளிப்பக்கக் கண்ணாடியைத் துடைக்க வேண்டும் என்பது மேடத்தின் உத்தரவு. சன்னலின் கம்பிக் கதவைத் திறந்துதான் துடைக்க முடியும். கீழே ஒன்பது மாடி. நடைபாதையில் ஒரு பெரியவர் பறவைக் கூண்டைத் தூக்கிக்கொண்டு மெதுவாகப் போனார். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

சோப்புத் தண்ணீரில் இடது கை வழுக்கியது.

எப்படியோ சட்டத்தை மறுபடியும் பிடித்துவிட்டேன். முதலில் பதறினேன். அடுத்த நொடி, விழுந்தால் எல்லாம் முடிந்துபோகும் என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பு வந்ததை ஆண்டவர் அறிவார். உங்களுக்கும் மறைக்காமல் சொல்கிறேன். உள்ளே இறங்கிச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து, "ஆண்டவரே, நான் இங்கே இருக்கிறது உமக்காவது தெரியுமா?" என்று கேட்டேன். அது ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணி இருக்கும்.

கர்த்தருக்குள் அன்பான சகோதர சகோதரிகளே, என் பெயர் செல்வராணி. நாசரேத் பக்கம் ஒரு சிறிய ஊர். கணவர் இல்லை. ஜெனிஃபர் என்று ஒரே மகள், அப்போது ஒன்பதாம் வகுப்பு. அவளை என் அக்கா வீட்டில் விட்டுவிட்டு, வீட்டு வேலைக்காக சிங்கப்பூர் வந்தேன். புக்கிட் மேராவில், அரசாங்கம் கட்டிய ஒரு வீவக அடுக்குமாடி வீடு. சார், மேடம், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். அவர்களில் யாருக்கும் தமிழ் தெரியாது. எனக்குத் தெரிந்த ஆங்கிலம் நூறு வார்த்தைகூட இருக்காது.

போன முதல் நாளே மேடம் என் கைப்பேசியை வாங்கி அலமாரியில் வைத்தார். மாதம் ஒரு முறை, அவர் முன்னால், ஒலிபெருக்கியில் போட்டு மகளோடு பேசலாம். விடுமுறை நாள் கிடையாது. அவர்கள் வெளியே போகும்போது வாசல் கம்பிக் கதவை வெளிப்பக்கம் பூட்டிக்கொண்டு போவார்கள். வரவேற்பறையில் ஒரு கேமரா, சமையலறையில் ஒரு கேமரா. பக்கத்து வீட்டாரோடு பேசினால் மறுநாளே ஊருக்கு அனுப்பிவிடுவேன் என்று சொல்லியிருந்தார். நான் தேவாலயத்துக்குப் போக வேண்டும் என்று ஒரு தடவை கேட்டேன். "இங்கேயே ஜெபம் பண்ணு, கடவுளுக்குக் கேட்கும்" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. அவர் அப்படித்தான் நினைத்தார்.

ஒன்பது மாதம் நான் அந்த வீட்டின் வாசலைத் தாண்டவில்லை.

ஒரு முறை முயற்சி செய்தேன். மளிகைச் சாமான் கொண்டுவரும் ஆள் கம்பிக் கதவு வழியாகப் பைகளைக் கொடுப்பார். 'எனக்கு உதவி வேண்டும்' என்று ஒரு துண்டுக் காகிதத்தில் தமிழில் எழுதி அவர் கையில் வைத்தேன். அவருக்குத் தமிழ் தெரியாது. ஏதோ சாமான் பட்டியல் என்று நினைத்து, அதைப் படம் எடுத்து மேடத்துக்கே அனுப்பிவிட்டார். மேடம் அதை யாரிடமோ காட்டி அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டார். அடிக்கவில்லை. திட்டவும் இல்லை. இரண்டு மாதம் மகளோடு பேசக் கூடாது என்றார், அவ்வளவுதான். அந்த இரண்டு மாதத்தில்தான் என் கை சன்னலில் வழுக்கியது.

ஊரில் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. பாட்டுக் கட்டுவேன். கிறிஸ்துமஸ் பவனிக்கும் பெரிய வெள்ளிக்கும் எங்கள் சபைப் பெண்கள் பாடுவதற்கு வார்த்தை போட்டுக் கொடுப்பேன். படிப்பு எட்டாவதோடு நின்றுவிட்டது. ஆனால் ராகத்தைச் சொன்னால் வரி வந்துவிடும். சிங்கப்பூர் வந்த பிறகு அது எனக்குள் அப்படியே நின்றுபோயிருந்தது.

சன்னலில் கை வழுக்கிய மறுநாள் காலை, துணி காயப்போடும்போது வாய் தானாக முணுமுணுத்தது. பெரிய வெள்ளிக்கு நாங்கள் பாடும் ஒப்பாரி ராகம். வார்த்தை மட்டும் என்னுடையது.

"ஒன்பதாம் மாடியில ஒருத்தி நிக்கேன் இயேசுவே,
உள்ள வச்சுப் பூட்டிக்கிட்டு ஊரே போவுது இயேசுவே.
கம்பி தொறந்த சன்னலில காலு நடுங்குது இயேசுவே,
கையப் பிடிக்க ஆளில்லையே, கண்டுகொள்ளும் இயேசுவே."

பாடி முடித்ததும் கேமராவைப் பார்த்துப் பயந்தேன். சாயந்தரம் மேடம் கேட்டார், "என்ன பாட்டு?" "ஜீசஸ் சாங், மேடம்" என்றேன். "நன்றாக இருக்கிறது, சத்தம் மட்டும் அதிகம் வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பேசுவதற்குத் தடை இருந்தது. பாடுவதற்கு இல்லை. என் வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒருவருக்கும் புரியாத பாஷை என் வாயில் இருப்பதற்காக ஸ்தோத்திரம் பண்ணினேன்.

அதன்பிறகு தினமும் காலையில் மூங்கில் கழிகளில் துணி கோத்து வெளியே நீட்டும்போது பாடுவேன். ஜெபமும் அதுதான், அழுகையும் அதுதான். யாராவது கேட்க மாட்டார்களா என்று ஆசை இருந்தது உண்மை. ஒரு வாரம் போயிற்று. ஒன்றும் நடக்கவில்லை. எதிர் பிளாக்கில் ஒரு சீன அம்மா செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார், உள்ளே போய்விடுவார். பத்தாவது நாள் எனக்குக் கோபமே வந்தது. "நீர் கேட்காவிட்டால் போகட்டும், யாருக்காவது காது கொடுமே ஆண்டவரே" என்று சண்டை பிடித்தேன். மறுநாள் பாடவே கூடாது என்று நினைத்தேன். ஆனாலும் துணியை எடுத்ததும் பாடிவிட்டேன்.

பன்னிரண்டாம் நாள், நான் கடைசி வரியை முடித்தபோது, கீழேயிருந்து ஒரு பெண் குரல் வந்தது. அதே ராகம்.

"எட்டாம் மாடியில எனக்குக் கேக்குது தங்கச்சி,
பேரு என்ன சொல்லு, நீ பாட்டாவே சொல்லு தங்கச்சி."

என் கையிலிருந்த சாருடைய சட்டை நழுவிக் கீழே போய்விட்டது. அது எந்தக் கழியில் மாட்டியது, யார் எடுத்தார்கள், இன்றுவரை தெரியாது. கேமரா பார்த்துக்கொண்டிருக்கிறதே என்று அடுத்த துணியை எடுத்து உதறிக்கொண்டே பாடினேன். என் பேர் செல்வராணி, சமையலறையில் கேமரா இருக்கிறது, கதவு பூட்டியிருக்கிறது, கைப்பேசி இல்லை. ராகம் எங்கெங்கேயோ இழுத்தது. எதுகை மோனை ஒன்றும் இல்லை. என் ஆயுளில் நான் கட்டிய பாட்டுகளிலேயே மோசமான பாட்டு அது.

"பயப்படாத செல்வி, நான் ஜாய்ஸ் அக்கா செல்வி" என்று பதில் வந்தது.

ஜாய்ஸ் அக்கா சிங்கப்பூரிலேயே பிறந்தவர். ஒரு கிளினிக்கில் பதிவு மேசையில் வேலை. மத்தியானம்தான் வேலைக்குப் போவார். தம் சபையில் பாடகர் குழுவில் பாடுகிறவர். பிற்பாடு நாங்கள் நேரில் சந்தித்தபோது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதை, சிங்கப்பூர்க்காரர்கள் பேச்சோடு சேர்க்கும் 'லா'வையும் விடாமல், அப்படியே எழுதுகிறேன்.

"பதினோரு நாள் கேட்டேன் செல்வி. மேல வீட்டுல யாரோ எவ்ளோ நல்லா பாடுறாங்கன்னு காப்பி கலக்கிக்கிட்டே கேட்டேன் லா. குவையர் பிராக்டிஸ்ல கூட அந்த டியூனைப் பாடிக் காட்டி, இது என்ன சாங்குன்னு கேட்டேன். வேர்ட்ஸ் என் காதுலயே விழல. பன்னெண்டாவது நாள்தான் 'கம்பி தொறந்த சன்னல்'னு ஒரு வார்த்தை டக்குனு கேட்டுச்சு. அடுப்பை ஆஃப் பண்ணிட்டேன். எனக்கு அசிங்கமா போச்சு, செல்வி."

அவர் கணவர், "அடுத்த வீட்டு விஷயம், நமக்கு எதுக்கு? தினம் லிஃப்டுல பாக்குற மனுஷங்க" என்றாராம். அக்கா அன்று வேலைக்குப் போகுமுன் முழங்காலில் நின்றாராம். எழுந்தபோது பயம் போகவில்லை, ஆனால் சும்மா இருக்க முடியவில்லை என்றார்.

அடுத்த நாள் காலை அக்கா பாடிக் கேட்டார், "புகார் பண்ணட்டுமா செல்வி, உன் சம்மதம் வேணும் செல்வி." நாளைக்குச் சொல்கிறேன் என்று பாடினேன். ஊருக்கு அனுப்பிவிட்டால் ஜெனிஃபர் படிப்பு என்ன ஆகும்? இங்கேயே இருந்தால் நான் என்ன ஆவேன்? இரண்டு பக்கமும் சுவர். அன்று முழுக்க ஜெபித்தேன். குரல் எதுவும் கேட்கவில்லை, தரிசனம் எதுவும் வரவில்லை. மத்தியானம் மேடம் கேமராவிலிருக்கும் ஒலிபெருக்கி வழியாகக் கூப்பிட்டு, நாளை மழைக்கு முன்னால் எல்லாச் சன்னலும் துடைத்திருக்க வேண்டும் என்று சொன்னார். அதுவே எனக்குப் பதிலாக இருந்தது. மறுநாள் காலை ஒரே வரி பாடினேன்: "பண்ணுங்க அக்கா, பண்ணுங்க."

அன்றே அரசாங்க அதிகாரிகள் வந்தார்கள். கதவு பூட்டியிருந்ததால் மேடத்தை வேலையிடத்திலிருந்து வரவழைத்தார்கள். அவர் வரும்வரை நான் கம்பிக் கதவுக்கு உள்ளேயும் அவர்கள் வெளியேயும் நின்றோம். அவர்களோடு வந்த தமிழ்ப் பெண், "பயப்படாம சொல்லுங்கம்மா. நீங்க ஒரு தப்பும் பண்ணல" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் எவ்வளவு அழுதேன் என்று சொல்லத் தெரியவில்லை. மேடம் வந்து கதவைத் திறந்தார். என்னைப் பார்த்து, "நான் உன்னை நன்றாகத்தானே பார்த்துக்கொண்டேன்?" என்று கேட்டார். அவர் குரலில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் இருந்தது.

சகோதர சகோதரிகளே, அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சாட்சி சொன்னால் அது பொய். விசாரணை முடியும்வரை ஒரு காப்பகத்தில் இருந்தேன். வேலை செய்ய அனுமதி இல்லை, ஊருக்குப் போகவும் முடியாது. அங்கே என்னைப்போல இருபது பேர். இந்தோனேசியா, மியன்மார், பிலிப்பீன்ஸ், இரண்டு பேர் தமிழ்நாடு. ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குள் அடைபட்டது போலத்தான் இருந்தது. ஜெனிஃபரிடம் கைப்பேசியில் முதல் தடவையாகத் தனியாகப் பேசியபோது, அவள், "இப்பவாவது யாரும் பக்கத்துல இல்லையாம்மா?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.

ஜாய்ஸ் அக்கா வாரம் தவறாமல் வந்தார். ஒரு நாள், "செல்வி, உன்னை மாதிரியே இவங்களும் பாடலாமே" என்றார். அப்படித்தான் அது தொடங்கியது. ஒவ்வொருத்தியும் தன் பாஷையில் ஆண்டவரிடம் சொல்ல நினைத்ததை ஒரு வரியாகச் சொல்வாள். நாங்கள் ராகம் போடுவோம். ஒருத்தி சாப்பாட்டைப் பற்றிப் பாடினாள். ஒருத்தி தூக்கத்தைப் பற்றி. பிலிப்பீன்ஸ் பெண் ஒருத்தி, தன் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை என்று பாடினாள். அவள் பாடி முடித்தபோது எல்லாரும் சேர்ந்து அவள் பெயரையே பல்லவியாகப் பாடினோம்.

காப்பகம் வந்த ஐந்தாம் மாதம் எனக்கு வேறு வீட்டில் வேலை செய்ய அனுமதி கிடைத்தது. வயதான தம்பதியர். ஞாயிறு முழுக்க விடுமுறை. ஜெனிஃபர் இப்போது பிளஸ் ஒன் படிக்கிறாள்.

சிராங்கூன் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் இருக்கிறது ஜாய்ஸ் அக்காவின் சபை. எங்கள் குழு அங்கே கூடத் தொடங்கியது. போன வருட அறுப்பின் பண்டிகை ஆராதனையில் பாட அனுமதி கேட்டோம். ஒரு மூப்பர் தயங்கினார். "ஸ்தோத்திர நாள்ல போய் குறை சொல்லிப் பாடலாமா? நம்ம சபையிலயே மெய்ட் வச்சிருக்கவங்க நிறைய பேர் லா" என்றார். போதகர், "அதனாலதான் ஐயா இங்கே பாடணும்" என்றார்.

பாடினோம். முடிந்ததும் யாரும் கை தட்டவில்லை. ஆமென் என்றுகூட ஒருவரும் சொல்லவில்லை.

வெளியே தேநீர் கொடுக்கும் இடத்தில், பட்டுச் சேலை கட்டிய ஒரு சகோதரி தம் வீட்டில் வேலை செய்யும் பெண்ணிடம் பேசுவதைக் கேட்டேன். அந்தப் பெண்ணின் பெயர் அமுதா. தஞ்சாவூர்ப் பக்கம்.

"ஏன் அமுதா, நீ எங்கிட்ட லீவே கேட்டதில்லையே?"

"கேக்கலாம்னு எனக்குத் தெரியாதுக்கா."

அந்தச் சகோதரி கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு, "அடுத்த ஞாயித்துக்கிழமையிலிருந்து எடுத்துக்கோ. நான் கேக்காம விட்டது தப்பு" என்றார்.

என்னைப் பூட்டி வைத்த மேடத்துக்காகவும் நான் ஜெபிக்கிறேன். வாய் சொல்லிவிடுகிறது, மனதுதான் சில நாள் கூட வருவதில்லை. அதையும் ஆண்டவரிடம் பாடித்தான் சொல்கிறேன்.

என்னைப் போலப் பூட்டிய வீட்டுக்குள் இருந்துகொண்டு யாராவது இதை வாசிக்கிறீர்களா? உங்கள் சத்தம் மேலே போகிறது. அது கீழ் வீட்டுக்கும் போகும்படி செய்ய அவருக்குத் தெரியும். பதில் தாமதித்தால் என்னைப்போலச் சண்டை பிடியுங்கள், அவர் கோபித்துக்கொள்வதில்லை. வேலைக்கு ஆள் வைத்திருக்கிறவர்களா நீங்கள்? அந்தப் பெண்ணிடம் இன்று, 'உனக்கு என்ன வேண்டும்?' என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

அந்தப் பண்டிகைக்கு அடுத்த ஞாயிறு அமுதா எங்கள் குழுவுக்குத் தனியாக வந்தாள். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்துக்கு இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கி, பூக்கடைகளையும் நகைக்கடைகளையும் வேடிக்கை பார்த்து, வழி கேட்டுக் கேட்டு, ஒரு மணி நேரம் தாமதமாக வந்து சேர்ந்தாள். தலையில் தானே வாங்கிய மல்லிகை. "எனக்குப் பாட வராதுக்கா" என்று பின்வரிசையில் உட்கார்ந்தாள்.

ஞாயிறு மத்தியானம் மூன்று மணிக்குக் கூடுகிறோம். பாடத் தெரியாது என்று யாரும் தயங்க வேண்டாம். உங்கள் வார்த்தையைக் கொண்டுவாருங்கள், ராகத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.