மூன்று நிமிடம் பேசுவார்

குன்னத்துக்குத் தெற்கே எங்கள் ஊர். மானாவாரி நிலம், ஒரு வருஷம் பருத்தி போடுவோம், ஒரு வருஷம் மக்காச்சோளம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். என் மகள் பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் கணிதம் படிக்கிறாள். எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்குள் போன முதல் ஆள் அவள்தான்.

எனக்குக் கூச்சம் அதிகம். உரக்கடையில் நாலு பேர் நின்றால் அவர்கள் போகும் வரை வெளியே வேப்பமரத்தடியில் நிற்பேன். கல்யாண வீட்டில் பந்தியில் ரசம் வராமல் போனால் கேட்காமலே எழுந்துவிடுவேன். இந்தக் கூச்சம் அப்படியே என் மகளுக்கும் இறங்கியிருந்தது. பள்ளிக்கூடத்தில் அது ஒரு குறையாகத் தெரியவில்லை. அமைதியான பிள்ளை என்று சொன்னார்கள், மார்க் வாங்கினாள், போதும் என்று இருந்தோம். கல்லூரிக்குப் போன பிறகுதான் சிக்கல் வந்தது. சேர்ந்த கொஞ்ச நாளிலேயே சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, "நான் நின்னுக்கிறேம்ப்பா" என்றாள். யாரும் எதுவும் சொல்லவில்லையாம். யாரிடமும் எதுவும் கேட்க முடியவில்லையாம். எந்த அறையில் வகுப்பு என்று கேட்கக் கூச்சப்பட்டு, நூலகத்து வாசலிலேயே நின்றுவிட்டு வந்திருக்கிறாள்.

அவளை அப்போது நிறுத்தி வைத்தது ஒரு வகுப்புதான். வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்த பிள்ளைகளுக்கென்று, கல்லூரி முடிந்ததும் தினம் ஒரு மணி நேரம் தனியாக ஒரு வகுப்பு நடந்தது. நடத்தியவர் இளவயது ஆசிரியை. தற்காலிக வேலைதான் அவருக்கு. பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்து அவரவர் ஊர்க்கதையைச் சொல்லச் சொல்வாராம். ஐந்து ஐந்து பேராகத் தபால் ஆபீசுக்கும் பேங்குக்கும் அனுப்பி, போய் ஒரு விவரம் கேட்டுக்கொண்டு வாருங்கள் என்பாராம். என் மகள் தபால் ஆபீசில் போய், ஸ்பீடு போஸ்ட் எத்தனை மணிக்குள் கொடுக்க வேண்டும் என்று கேட்டுவிட்டு வந்தாள். அன்று வீட்டில் அதை மூன்று தரம் சொன்னாள். நின்றுவிடுகிறேன் என்ற பேச்சு அதோடு போயிற்று.

ஒருநாள் பஸ் பாஸை வீட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். கொடுக்கலாம் என்று நான் கல்லூரிக்குப் போனேன். கொடுத்துவிட்டுத் திரும்பும்போது அந்த வகுப்பு நடத்தும் மேடம் வேகமாக வந்தார்.

"அப்பா, ஒரு அரை மணி நேரம் உக்கார முடியுங்களா? மீட்டிங்குக்குப் பெத்தவங்க சார்பா ஒருத்தர் வேணும். விக்கிரமங்கலத்துலேர்ந்து ஒரு வாத்தியார் வரேன்னாங்க. உடம்பு முடியலன்னு இப்பத்தான் போன் வருது."

"எனக்கு ஒண்ணுந் தெரியாதுங்களே மேடம்."

"தெரிய வேணாம்ப்பா. உக்காருங்க, போதும்."

குளிர்ச்சியான அறை. மூத்த பேராசிரியர் ஒருவர், அரியலூரில் பேங்கில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர், இன்னும் இரண்டு ஆசிரியர்கள். டீயும் பிஸ்கட்டும் வந்தன. நான் பிஸ்கட்டைத் தொடவில்லை, கடித்தால் சத்தம் கேட்கும் என்று. கல்லூரியில் நடக்கும் ஒவ்வொரு பயிற்சிக்கும், அது முடியும்போது மாணவருக்கு என்ன செய்ய வரும் என்று அன்று எழுதிக்கொண்டிருந்தார்கள். எழுதி மேலே அனுப்ப வேண்டும். வருஷக் கடைசியில் அதை வைத்து அளப்பார்கள். அளவு தேறினால்தான் அடுத்த வருஷமும் அந்த வகுப்பு நடக்கும். இதை மேடம் என் காதருகில் சொன்னார். வகுப்பு இருந்தால்தான் தனக்கும் வேலை என்றார்.

மூத்தவர் எனக்காகவே நிறுத்திச் சொன்னார்.

"ஐயா, புரிஞ்சுக்குவாங்க, உணர்வாங்க, தெளிவு பெறுவாங்க, இந்த மாதிரி எழுதினா திருப்பி அனுப்பிடுவாங்க. ஒருத்தன் உள்ளுக்குள்ள புரிஞ்சுக்கிட்டானான்னு நான் எப்படி எட்டிப் பாக்கிறது? வெளிய தெரியணும். செய்வார், சொல்வார், வரைவார். எத்தன பேர் முன்னாடி, எம்புட்டு நேரம், அதுவும் வேணும்."

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. சோளம் நன்றாக விளைந்திருக்கிறது என்று வாயால் சொன்னால் வியாபாரி ஏற்றுக்கொள்வானா? தராசில் வைக்கச் சொல்வான்.

"இப்ப சொல்லுங்க. இந்த வகுப்பு முடியறப்ப உங்க பொண்ணு எப்படி இருக்கணும்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "பயம் போவணும்ங்க" என்றேன்.

பேங்க்காரர் சிரித்தார். "பயத்தப் போட்டு நிறுக்கத் தராசு இல்லையே சார்!"

"ஆளப் புடிச்சு நாடி பாக்க வேண்டியதுதான்" என்றார் இன்னொரு ஆசிரியர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மேடம் மட்டும் பொறுமையாகக் கேட்டார். "பயம் போனா என்ன பண்ணுவா, அப்பா? அதச் சொல்லுங்க."

"பேசுமுங்க. நாலு பேரு முன்னாடி."

"அதான்!" என்று மூத்தவர் மேசையைத் தட்டினார். கம்ப்யூட்டரில் அடிக்கச் சொல்லிவிட்டு வாசித்துக் காட்டினார். 'நிறைவில் மாணவர், முன்பின் அறியாத இருபது பேருக்கு முன்னால், தாளைப் பார்க்காமல், மூன்று நிமிடம் பேசுவார்.' நூற்றுக்கு எண்பது பேர் இப்படிப் பேசிவிட்டால் வகுப்பு தேறியது என்று அர்த்தம். "ஐயா சொன்னதுதான். நம்ம பாஷையில போட்டிருக்கேன்" என்றார்.

நான் கையெழுத்துப் போட்டேன். பஸ்ஸில் வரும்போது மனசு நிறைந்திருந்தது. வீட்டில் சொன்னதும் மனைவி நம்பவில்லை. "நீங்க பேசினீங்களா? அத்தன பேரு மத்தியிலயா? பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லுங்க."

அந்தத் தடவை மக்காச்சோளம் அறுத்து, எல்லோரையும் போல நாங்களும் தார் ரோட்டு ஓரத்தில் காயப்போட்டிருந்தோம். சுண்ணாம்புக்கல் ஏற்றின லாரி ஒன்று சோளத்தின் மேலேயே ஏறி வந்தது. நான் கையைத் தூக்குவதா வேண்டாமா என்று நின்றேன். கையில் பலகையோடு சோளத்தைத் துழாவிக்கொண்டிருந்த என் மகள், "அண்ணே! அந்தப் பக்கமா ஒதுங்கிப் போங்கண்ணே! கண்ணு தெரியலையா?" என்று கத்தினாள். லாரி ஒதுங்கியது. டிரைவர் தலையை நீட்டி, "சரி தாயீ, கோச்சுக்காத!" என்று சொல்லிவிட்டுப் போனான். நானும் என் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பயம் போய்க்கொண்டிருக்கிறது என்றே நினைத்தேன்.

ஆனால் கொஞ்ச நாளில் அவள் முகம் மறுபடியும் சுண்டத் தொடங்கியது. கேட்டால் சொல்லவில்லை. பிறகு ஒவ்வொன்றாக வந்தது. தபால் ஆபீசுக்கு இப்போது போவதில்லை. வட்டமாக உட்காருவதும் இல்லை. தினமும் மேடையில் ஏறி மூன்று நிமிடம் பேசிப் பழக வேண்டும். மேடம் போனில் நேரம் வைத்துக்கொண்டு முன்னால் நிற்பார்.

"திட்டுறாங்களா பாப்பா?"

"இல்லப்பா. பாவம்ப்பா அவங்க. எம்பது பேரு பேசிடணுமேன்னு அவங்களுக்குப் பயம்."

அளக்கும் நாள் வந்தது. வேறு துறைப் பிள்ளைகளும் வெளியாட்களுமாக இருபது பேர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்களாம். என் மகள் மேடை ஏறி வணக்கம் சொன்னாள். அதற்குப் பிறகு வார்த்தை வரவில்லை. இறங்கி ஓடவும் இல்லை. நேரம் முடிந்து மணி அடிக்கும் வரை அங்கேயே நின்றிருக்கிறாள். அப்புறம் மறுபடியும் வணக்கம் சொல்லிவிட்டு இறங்கியிருக்கிறாள்.

"சிரிச்சாங்களா?" என்று என் மனைவி கேட்டாள்.

"யாரும் சிரிக்கலம்மா. எல்லாரும் பாவமாப் பாத்தாங்க. அதுதான் பொறுக்கல."

மறுநாள் காலையில் அவள் கிளம்பவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. பஸ் வந்து நின்று ஹாரன் அடித்துவிட்டுப் போகும். அவள் தலை குளித்துவிட்டுப் பருத்திக் காட்டுக்கு எங்களோடு வந்துவிடுவாள். முதல் தடவை நின்றுவிடுகிறேன் என்று சொன்னபோது அழுதாள். இந்தத் தடவை அழவில்லை. அதுதான் எனக்குக் கிலியாக இருந்தது. பக்கத்து வீட்டில், படித்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி இப்படித்தான் காட்டுக்கு வரத் தொடங்கினாள். பிறகு திரும்பிப் போகவே இல்லை.

"நீங்கதான எழுதிக் குடுத்துட்டு வந்தீங்க? நீங்களே போயி அழிச்சுட்டு வாங்க" என்றாள் மனைவி.

"நான் பயம் போவணும்னுதான் சொன்னேன்."

"அத அங்க போயி சொல்லுங்க. என்கிட்ட மட்டும் நல்லா வாய் வருது."

போனேன். பஸ்ஸில் போகும்போதே என்ன பேச வேண்டும் என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். மேடம் ஆசிரியர்கள் அறையில் தனியாக இருந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். ஓட்டிப் பார்த்ததெல்லாம் மறந்துபோய், "அந்த வரிய மாத்த முடியுங்களா?" என்றேன்.

"இந்த வருஷம் முடியாதுப்பா. மேல போயிடுச்சு." அவர் மேசையில் கிடந்த தாள்களைச் சேர்த்து அடுக்கினார். "நானே உங்கள வரச் சொல்லணும்னுதான் இருந்தேன். நெறைய பேரு பேசிட்டாங்க. ஒரே ஒரு ஆள்ல எண்பதுக்குக் கீழ நிக்குது. உங்க பொண்ணுதான்னு சொல்ல வரல. ஆனா அவ இந்த வகுப்புல சேரவே இல்லன்னு போட்டுட்டா அளவு தேறிடும். அவளும் நிம்மதியா மத்த கிளாசுக்கு வரலாம். இன்னொரு தடவ மேடை ஏற வேணாம். நீங்க சம்மதம்னு ஒரு வார்த்த சொன்னா போதும்."

கேட்டதும் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. மகள் படிப்புக்குத் திரும்பி வர ஒரு வழி கிடைத்துவிட்டது. மேடத்துக்கும் வேலை நிலைக்கும். யாருக்கும் கெடுதல் இல்லை. உடனே சரி என்று சொல்லியிருப்பேன். ஏனோ, "பாப்பாவ ஒரு வார்த்த கேட்டுக்கிறேங்க" என்று வாயில் வந்துவிட்டது.

"கேளுங்கப்பா. அவ மேல எனக்குக் கோவமே இல்லன்னு சொல்லுங்க."

வீட்டுக்கு வந்தபோது அவள் அம்மாவோடு உட்கார்ந்து பருத்தியில் ஒட்டியிருந்த சருகைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். நல்ல சேதி கொண்டுவந்தவன் மாதிரிதான் சொன்னேன்.

"அப்ப நான் அந்த வகுப்புக்கு வரவே இல்லையா?" என்றாள்.

"எழுத்துல மட்டுந்தான் பாப்பா."

"தபால் ஆபீசுல போயி நின்னது யாரு?"

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சருகைப் பொறுக்கினேன்.

"வேணாம்ப்பா. வரலன்னு போட வேணாம். வந்தா, ஆனா பேசலன்னு போடட்டும்."

"பேசலன்னு எழுதி வச்சுக்கிட்டா என்னடி பெருமை?" என்று அவள் அம்மா குரல் உயர்த்தினாள். "ஒன்னால அந்தம்மா வேலைக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

அதைக் கேட்டதும் மகளின் கை நின்றது. "பெருமைக்குச் சொல்லலம்மா" என்றாள். "என்னை இல்லன்னு சொன்னா என்னால அங்க போக முடியாது. அவ்வளவுதான்."

மறுநாள் அவளே கிளம்பினாள். கூட வரட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றாள். சாயந்தரம் வந்து, "சொல்லிட்டேன்ப்பா. சரின்னாங்க. மொகந்தான் சரியில்ல" என்றாள். அவள் முகமும் சரியாக இல்லை.

அன்றிலிருந்து ஒருநாள் தவறாமல் கல்லூரிக்குப் போகிறாள். எனக்கு வேண்டியிருந்தது அதுதான், அது கிடைத்துவிட்டது. ஆனால் புது வருஷம் கல்லூரி திறந்தபோது அந்த வகுப்பு இல்லை. மேடமும் இல்லை. வேலையை நீட்டிக்கவில்லை என்றார்கள். துறையூர்ப் பக்கம் ஏதோ பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டதாக ஒரு பிள்ளை சொன்னதாம். மேடம் போனதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம். கல்லூரிகளில் அப்படி எத்தனையோ நடக்கிறது என்று கேள்விப்படுகிறேன். இந்த வருஷம் சேர்ந்த பிள்ளைகளில் நாலைந்து பேர் எங்கள் பக்கத்து ஊர்க்காரர்கள். அவர்களில் ஒரு பெண் வாய் திறப்பதே இல்லை, பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வருகிறது என்று என் மகள் சொன்னாள். இப்போது அதன் பக்கத்தில்தான் இவள் உட்கார்ந்து வருகிறாளாம்.

மேடம் போன சேதி தெரிந்த அன்று அவள் வாசலிலேயே நின்று என்னிடம் கேட்டாள்.

"என்னாலயாப்பா?"

"சேச்சே, இல்ல" என்றேன் உடனே.

அவள் கணிதம் படிக்கிற பெண். எண்பதுக்கும் அதற்குக் கீழே உள்ளதற்கும் நடுவில் எத்தனை பேர் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பையிலிருந்து சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டாள். அதற்கப்புறம் அவள் அதைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.