மத்தியானத்தில் கிளம்பாத வண்டி

அறுபதுகளின் நடுவில் செஞ்சியில் வாடகைக்கு ஓடிய வேன்கள் இரண்டோ மூன்றோதான். அவற்றில் ஒன்று என்னுடையது. யுத்த காலத்து வண்டி. பல கை மாறி என்னிடம் வந்தபோதே அதற்கு இருபது வயதாகியிருந்தது. மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை மூட்டை, கல்யாண கோஷ்டி, அமாவாசைக்கு மேல்மலையனூர் போகிற கூட்டம், எது கிடைத்தாலும் ஏற்றுவேன். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது.

கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த பாய் ஒருநாள் வந்து, வாரம் ஒரு தடவை பாண்டிச்சேரிக்கு வர முடியுமா என்று கேட்டார். அவர் மனைவிக்கு வயிற்றில் கட்டி. அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் கரண்ட் வைக்க, அதாவது கட்டிக்குக் கதிர் சிகிச்சை எடுக்க, சொல்லியிருந்தார்கள். பஸ்ஸில் உட்கார்ந்து போக அந்த அம்மாவால் முடியாது, படுத்தபடிதான் போக வேண்டும். நான் ஒத்துக்கொண்டேன். பின்பக்கத்து சீட்டுகளைக் கழற்றிவிட்டு வைக்கோல் பரப்பி, அதன்மேல் மெத்தை போட்டோம்.

அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். நாற்பது வயதிருக்கும். வீட்டில் தையல் மிஷின் வைத்து அந்தத் தெருப் பெண்களுக்கெல்லாம் ரவிக்கை தைத்துக் கொடுத்தவர். என் மனைவிக்கும் தைத்திருக்கிறார். அதிகம் பேசமாட்டார். வண்டியில் ஏற்றும்போதும் இறக்கும்போதும் பாய் தலைப்பக்கம், நான் கால்பக்கம் பிடிப்போம். இரண்டு பேர் இல்லாமல் முடியாது.

வண்டிக்கு ஒரு கோளாறு இருந்தது. உள்ளூர் ஓட்டத்தில் ஒரு தொந்தரவும் கிடையாது. தூரமாகப் போய் எங்காவது நிறுத்தினால் சில சமயம் கிளம்பும், சில சமயம் கிளம்பாது. முதல் தடவை பாண்டியிலிருந்து திரும்பும்போது திண்டிவனம் ரயில்வே கேட் மூடியிருந்தது. பெட்ரோலை மிச்சப்படுத்த வண்டியை அணைத்தேன். ரயில் போய், கேட் திறந்து, முன்னால் நின்ற மாட்டு வண்டிகளெல்லாம் போன பிறகும் என் வண்டி கிளம்பவில்லை. முன்பக்கம் ஹேண்டில் போட்டு இஞ்சினைச் சுற்றினேன். உள்ளங்கை தோல் உரிந்தது. வழியில் போனவர்கள் சேர்ந்து தள்ளினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. தகரக் கூரைக்குக் கீழே அக்கா முக்கால் மணி நேரம் வெந்துகொண்டு கிடந்தார். பிறகு அதுவாகவே ஒரு சுற்றில் கிளம்பிவிட்டது. ஏன் கிளம்பியது என்றும் எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது தடவையும் அப்படியே ஆனது. அதன்பின் நான் ஒரு முடிவு எடுத்தேன். பாண்டியை விட்டால் செஞ்சிதான், நடுவில் எங்கும் நிறுத்துவதில்லை. கேட் மூடியிருந்தால் ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டே இருப்பேன். காலை எடுத்தால் அணைந்துவிடும். இதைப் பாயிடமும் அக்காவிடமும் சொல்லிவிட்டேன். மூன்றாவது தடவை திண்டிவனம் தாண்டியதும் பின்னாலிருந்து, ஓரமாகக் கொஞ்சம் நிறுத்த முடியுமா என்று அக்கா கேட்டார். இன்னும் ஒரு மணி நேரந்தான், வீட்டுக்கே போய்விடலாம் என்றேன். அவர் மறுபடி கேட்கவில்லை. அதற்குப் பிறகு எந்த வாரமும் கேட்கவில்லை.

ஓயாமல் வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். லாரிகளில் வேலை பார்த்துப் பழகிய கெட்டிக்காரன் அவன். காலையில் அவன் பட்டறை திறக்கும் நேரத்துக்கே போய் நிற்பேன். பேட்டரியை மாற்றினான். பிளக்குகளைத் தேய்த்துப் போட்டான். பாயிண்டைச் சரி செய்தான். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினான். பெட்ரோல் குழாயை வாயால் ஊதிப் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் வண்டி அவன் கையில் ஒரே சுற்றில் கிளம்பும். வண்டியில் ஒன்றுமில்லை, ஓட்டுகிற ஆளிடம்தான் கோளாறு என்று சிரிப்பான். எனக்குச் சிரிப்பு வராது.

ஆறாவது வாரம் கேட்டில் என் கால் சறுக்கி வண்டி அணைந்துவிட்டது. சித்திரை வெயில். ஹேண்டிலைச் சுற்றிக் களைத்து, வண்டியில் வைத்திருந்த பானையிலிருந்து தண்ணீர் மொண்டு குடித்தேன். அக்காவுக்கும் ஒரு டம்ளர் கொண்டுபோய் நீட்டினேன். வேண்டாம் என்று தலையசைத்தார். உதடு வெடித்திருந்தது. பாய் என்னை வண்டிக்கு அந்தப் பக்கம் அழைத்துப்போய்த் தணிந்த குரலில் சொன்னார்.

"அவ காலைலேர்ந்து தண்ணி குடிக்கல தம்பி. குடிச்சா நடுவுல எறங்க வேண்டி வரும்ல. நீ நிறுத்த மாட்டியே. ஒவ்வொரு வாரமும் அப்படித்தான் வருது."

அவர் குற்றமாகச் சொல்லவில்லை. நடப்பதைச் சொன்னார். நான் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஒரு மனுஷியைத் தாகத்தோடு இத்தனை வாரம் ஏற்றிப் போயிருக்கிறேன், எனக்கு அது தெரியக்கூட இல்லை.

திரும்பி வந்து பின்கதவருகே நின்றபோது அக்கா என்னைக் கூப்பிட்டார்.

"இன்னா தம்பி, மெக்கானிக்கு இன்னா சொல்றாரு?"

ஒரு கோளாறும் இல்லை என்கிறான் என்றேன்.

"எப்ப கொண்டு போய் காட்டுற?"

"காலைலதான்க்கா."

அக்கா மூச்சு வாங்கிக்கொண்டு, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"காலைல இது நல்லாத்தான இருக்குது. ஆஸ்பத்திரி வாசல்ல மூணு மணி நேரம் நின்னு, அப்பால கிளம்புறப்போ கூட ஒண்ணும் பண்ணல. ஓடி ஓடி சூடேறி நின்னாதான் மக்கர் பண்ணுது. நான் படுத்துக்கினே கேட்டுனு வரேன். நானும் மொதல்ல டாக்டருங்கிட்ட காலைலதான் போவேன். அப்போ வலி இருக்காது. ஒண்ணுமில்ல போம்மான்னு ரெண்டு வருஷம் அனுப்பிட்டாங்க. வலிக்கிற நேரத்துல காட்டு தம்பி."

வண்டி ஆறிக் கிளம்ப ஒரு மணி நேரம் ஆயிற்று. செஞ்சிக்கு வந்து, வண்டியை அணைக்காமலே அவர்கள் வீட்டு வாசலில் நிறுத்தினேன். அக்கம்பக்கத்தார் வந்து அக்காவை இறக்கிக்கொண்டார்கள். நேராகப் பட்டறைக்கு விட்டேன். மெக்கானிக் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கையைக் கழுவிவிட்டு உடனே வா என்றேன். அவன் வந்ததும் வண்டியை அணைத்து, இப்போது கிளப்பு பார்க்கலாம் என்றேன்.

கிளம்பவில்லை. அவன் முகம் மாறியது. பிளக் ஒயரைக் கழற்றி இஞ்சின் அருகே பிடித்துக்கொண்டு என்னைச் சுற்றச் சொன்னான். பொறி மஞ்சளாக, உயிரில்லாமல் வந்தது. ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தவன், பிளக்குக்குப் பொறி தருகிற காயிலைத் தொட்டதும் கையை இழுத்துக்கொண்டான். ஈரச் சாக்கை அதன்மேல் சுற்றி இருவரும் காத்திருந்தோம். கொஞ்ச நேரம் கழித்துச் சுற்றியபோது பொறி நீலமாகப் பளிச்சென்று விழுந்தது. வண்டியும் கிளம்பியது. உள்ளே சுருள் பழுதாகியிருக்கிறது, சூடேறினால் பொறி செத்துவிடுகிறது என்றான். யார் கண்டுபிடித்தது என்று கேட்டான். சொன்னேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு சாக்கைப் பிரித்தான்.

விழுப்புரத்திலிருந்து புதுக் காயில் வந்தது. அதற்குப் பிறகு அந்த வண்டி எந்த வெயிலிலும் நின்றதில்லை. ஆனால் அக்காவுக்கு நான்கே பயணங்கள்தான் மீதி இருந்தன. ஒவ்வொன்றிலும் நானாகவே இரண்டு மூன்று இடங்களில் நிறுத்தினேன். தண்ணீர் குடித்தார். இறங்க வேண்டியபோது இறக்கினோம். ஒருமுறை தீவனூர் தாண்டி ஒரு புளியமரத்தடியில் அவரைச் சாய்த்து உட்காரவைத்துவிட்டு, பாய் தொழுகைக்கு ஒதுங்கிப் போனார். நான் பக்கத்தில் நின்றேன். நாட்கணக்கில் மனதுக்குள் உருட்டிக்கொண்டிருந்ததைச் சொன்னேன்.

"அக்கா, அன்னிக்கு நிறுத்துன்னு கேட்டீங்க. நிறுத்தாம வந்துட்டேன்."

அவர் சாலையைப் பார்த்தபடி இருந்தார்.

"நிறுத்திட்டு அந்த ஹேண்டில வெச்சினு வெயில்ல சுத்துவியே. கையெல்லாம் ரத்தம். அத பாக்க முடியல, அதான் அப்பால கேக்கல. உட்டுரு தம்பி."

பத்தாவது வாரம் ஆஸ்பத்திரியில் இனி வர வேண்டாம் என்றார்கள். குணமாகிவிட்டது என்று சொல்லவில்லை. திரும்பும் வழி முழுவதும் அக்கா கண்ணை மூடியிருந்தார். தூங்கினாரா என்று எனக்குத் தெரியாது. செஞ்சி மலைகள் தெரியத் தொடங்கியதும், வந்துட்டோமா என்று மட்டும் கேட்டார்.

ஆடி பிறக்கும் முன்பே இறந்துபோனார். செய்தி வந்தபோது நான் சிங்கவரத்தில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். பாதியில் விட்டுவிட்டு வந்தேன். அவரைக் கிடத்திய சந்தூக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனபோது வழியில் எனக்கும் தோள் கொடுக்க இடம் விட்டார்கள். கனமே இல்லை. எல்லோரையும்போல நானும் மூன்று கைப்பிடி மண் போட்டேன்.

மூன்று நாள் கழித்துப் பாய் கடையைத் திறந்தார். நான் போய் அவர் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஆணி வாங்க ஒருவர் வந்தார், பாய் நிறுத்துக் கொடுத்தார். கயிறு கேட்டு ஒருவர் வந்தார், அளந்து கொடுத்தார். பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் அவர் எழுந்து, கடையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். பார்த்துக்கொள்கிறேன், போய்வாருங்கள் என்றேன்.