பெயரும் கூரும் வைக்காத கத்தி

2016ஆம் ஆண்டு ஓகஸ்ட் 13, சனிக்கிழமை, முற்பகல் பத்தரை மணி. கொட்டாஞ்சேனையில் ஓர் ஒடுக்கமான ஒழுங்கையின் மூன்றாவது வீட்டு வாசலில், பத்திரிகைத் தாளில் சுற்றிய சமையற்கத்தியோடு நின்றேன். வெள்ளவத்தையில் வீதியோரச் சாணைக்காரர் ஒருவரிடம் கொடுத்துக் கெடுத்துக்கொண்ட கத்தி அது. உள்ளேயிருந்த மனிதர் தாளைப் பிரித்து, அலகை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

“சேர், இதத் தீட்டினவனுக்கும் ஒங்களுக்கும் பழைய கோவம் ஏதும் ஈக்கா?”

அவர் பெயர் மர்ஸூக்; அண்ணன் என்ற பொருளில் எல்லாரும் ‘நானா’ என்பார்கள். அப்போது வயது நாற்பத்தாறு. முகத்துவாரத்தில் துறைமுகத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்து, பித்தளைப் பெயர்ப்பலகை செய்யும் பட்டறையில் அசிட்டால் எழுத்து அரிக்கப் பழகியவர். பின்னர் அதே கையைக் கத்திக்கு மாற்றிக்கொண்டார். கொல்லன் அடித்து அனுப்பும் கரிய அலகுகள் அவருடைய முன்னறைக்கு வந்துசேரும். அவற்றைத் தேய்த்து, மினுக்கி, பிடி போட்டு, பெயர் எழுதி, கூர் வைத்துக் கொடுப்பது அவர் வேலை. ஹோட்டல் சமையற்காரர்களும் மட்டக்குளியின் மீன் வெட்டுகிறவர்களும் அவரிடமே வந்தார்கள். பெயர் இல்லாத கத்தி சந்தையில் ஒரு கிழமைக்குள் களவு போய்விடும் என்று மீன்காரர்கள் சொல்வார்கள்.

அவருடைய வேலைக்கு ஒரு வரிசை இருந்தது. அதை அவர் எவருக்காகவும் மாற்றியதில்லை. அலகு மினுங்கி முடிந்ததும் உரியவரை அழைத்துக் கையில் பிடித்துப் பார்க்கச் சொல்வார்.

“பாரம் சரியில்லண்டா இப்பவே சொல்லுங்க. பேர் எழுதினா அது ஒங்கட. அது வரைக்கும் என்ட.”

சம்மதம் கிடைத்த பின்னரே நகப்பூச்சை அலகில் தடவி, காய்ந்ததும் ஊசியால் பெயரைக் கீறி, அசிட் தோய்த்த பஞ்சை வைப்பார். எழுத்துக் கறுத்து எழும்பியதும் அப்பச்சோடாத் தண்ணீரால் கழுவுவார்.

“எங்கட ஊட்டுல கியூடெக்ஸ் போடுறது கத்தி மட்டும்தான் சேர்,” என்பார் அவருடைய மனைவி ஸும்றா, தேநீரை வைத்துக்கொண்டே.

கூர் வைப்பது கடைசி வேலை. “கூர் வெச்சிட்டு எழுதப் போனா, எழுத்து நம்மட விரல்லதான் வரும்.”

ஒருநாள் அங்கே காத்திருந்தபோது, தொண்ணூற்றாறில் வெள்ளவத்தை விடுதியொன்றிலிருந்து பொலிஸார் என்னைச் சந்தேகத்தில் பிடித்துச் சென்று பதினொரு நாட்கள் வைத்திருந்த கதையைச் சொன்னேன். மர்ஸூக் கல்லிலிருந்து கையை எடுத்தார்.

“ஒங்களுக்காகக் கதைக்க ஒருத்தரும் வரல்லையா?”

“இல்லை நானா. பயந்திருப்பினம்.”

அவர் தலையை ஆட்டிவிட்டு மீண்டும் தீட்டத் தொடங்கினார்.

2019ஆம் ஆண்டு மார்ச்சில், என் மகள் ரூபிகாவின் கலியாணத்துக்குக் கேக் வெட்டும் கத்தியொன்று செய்யச் சொன்னேன். பதினாறு அங்குல அலகு. அதில் அவளுடைய பெயரும் மாப்பிள்ளை மிதுஷனின் பெயரும். ஏப்ரல் 20, சனிக்கிழமை வந்து பிடித்துப் பார்க்கும்படி மர்ஸூக் அழைத்தார். எனக்கு விடைத்தாள் திருத்தும் வேலை இருந்தது. திங்கட்கிழமை வருவதாகச் சொன்னேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. அவற்றுள் ஒன்று அவருடைய வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் வெடித்தது. அதன் பின் முஸ்லிம்களின் வீடுகள் ஒவ்வொன்றாகத் தேடப்பட்டன. திங்கட்கிழமை நான் போகவில்லை. அடுத்த திங்கட்கிழமையும் போகவில்லை.

மே 9ஆம் தேதி அவருடைய முன்னறைக்குப் பொலிஸார் வந்தார்கள். அசிட் போத்தலும் நீண்ட அலகொன்றும் அகப்பட்டன. அலகின் பிடியில் ஒட்டிய தாளில் பென்சிலால் ‘வெள்ளவத்தை சேர்’ என்று எழுதியிருந்தது. யார் இந்தச் சேர், யாருக்காக இந்த வாள் என்று அவரிடம் சிங்களத்தில் கேட்டார்கள்.

“மத்தக்க நே சேர்,” என்றார் மர்ஸூக். நினைவில்லை என்றார்.

என் பெயர், வீட்டிலக்கம், தொலைபேசி எண் மூன்றும் அவருக்கு மனப்பாடம்.

அன்றே அவரைப் பிடித்துச் சென்றார்கள். இவையெல்லாம் ஸும்றா சொல்லி அறிந்தவை. மே மாத இறுதியில் அவர் இரண்டு பஸ் மாறி எங்கள் வீட்டுக்கு வந்தார். கதிரையின் விளிம்பில்தான் அமர்ந்தார்.

“அவருக்கு நான் வந்தது தெரியா சேர். தெரிஞ்சா ஏசுவார். ஒரு கடிதம் போதும் எண்டு லோயர் சென்னார். கத்தி ஒங்கட எண்டு. ஐடென்டிட்டி கொப்பியோட.”

“ஓம். நான் யோசிச்சனான்.”

“அதுக்குக் கூரே இல்லையே சேர். ஒரு தாளக்கூட வெட்டாது. சென்னா ஒருத்தரும் நம்புறாங்கல்ல.”

“கலியாணத்தை ஜூலைக்குத் தள்ளியிருக்கு. அது முடியட்டும், பாப்பம்.”

ஸும்றா விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். “ஜூலை எண்டா இன்னம் ரெண்டு மாசமே சேர்,” என்றார். நான் தேநீர் குடிக்கச் சொன்னேன். நோன்பு என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

ஜூலையில் கலியாணம் முடிந்தது. அதன்பின் மருமகனின் கனடா விசா விண்ணப்பம் வந்தது. குடும்பத்தில் ஒருவருடைய பெயர் பொலிஸ் கோப்பில் ஏறினால் காரியம் கெட்டுவிடும் என்று ஒருவர் சொன்னார். அது உண்மைதானா என்று நான் வேறொருவரிடம் கேட்கவில்லை. உண்மையாக இருக்க வேண்டுமென்றே விரும்பினேன்.

மர்ஸூக் எட்டு மாதங்கள் உள்ளே இருந்தார். 2020 ஜனவரியில் பிணை கிடைத்தது; குற்றப்பத்திரிகை ஏதும் தாக்கலாகாமலே வழக்குப் பின்னர் முடிந்தது. கத்தியைத் திருப்பித் தரவில்லை. ஹோட்டல்கள் அவரைக் கூப்பிடுவதை நிறுத்தியிருந்தன. வீட்டுக்காரர் அசிட் வைக்கக்கூடாது என்றார். சாணைக்கல் மட்டும் மிஞ்சியது. அயல்வீட்டுக் கத்திகளையும் தையற்காரிகளின் கத்தரிக்கோல்களையும் தீட்டினார். எவர் கேட்டாலும் பெயர் எழுத மறுத்தார்.

நான் அந்த வாசலில் மீண்டும் நிற்க மேலும் ஓராண்டு சென்றது. பழைய சமையற்கத்தியையே கொண்டுபோயிருந்தேன்.

“ஸும்றா ஒங்கட ஊட்டுக்கு வந்தவவாம் சேர். எனக்குத் தெரியாம நடந்தது. மனசுல வெச்சிக்கொள்ளாதீங்க.”

மன்னிப்புக் கேட்டவர் அவர். நான் தாளைப் பிரித்துக் கத்தியை அவர் முன் வைத்தேன்.

“மகள்ட கலியாணம் நல்லா நடந்ததா?”

“ஓம் நானா.”

“கேக்க என்னத்தால வெட்டின?”

“மண்டபத்தில தந்த கத்தியாலை.”

“அதெல்லாம் வெட்டாது. அமத்தித்தான் ஈப்பாங்க,” என்று சிரித்தார். பிறகு என் கத்தியைத் தீட்டி, பத்திரிகைத் தாளொன்றைக் கீறிக் காட்டி, அதே தாளில் சுற்றித் தந்தார். உள்ளறையில் ஸும்றாவின் நடமாட்டம் கேட்டது. தேநீர் வரவில்லை.

அதன் பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அங்கே போனேன். கத்தி மழுங்காத காலத்திலும் போனேன். தனக்காகக் கதைக்க ஏன் வரவில்லை என்று ஒருநாள் கேட்பார் என எதிர்பார்த்தேன். கேட்டால் சொல்வதற்கு மூன்று காரணங்களை வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். அவர் மழையைப் பற்றிக் கதைத்தார். பஸ் கட்டணத்தைப் பற்றிக் கதைத்தார்.

2023 ஒக்ரோபரில் மாரடைப்பால் இறந்தார். ஜனாஸா வீட்டில் ஆண்களின் வரிசையில் கடைசியாக நின்றேன். என்னை அறிந்த எவரும் அங்கு இருக்கவில்லை. அறிந்தவர் உள்ளே பெண்களோடு இருந்தார்.

அந்தக் கத்தி என்னுடையது. பதினாறு அங்குலம். என் மகளின் கலியாணத்துக்காக நான் செய்யச் சொன்னது. நான் வந்து பிடித்துப் பார்க்காததால் அதில் பெயர் எழுதப்படவில்லை. பெயர் எழுதப்படாததால் கூரும் வைக்கப்படவில்லை.

இவ்வளவைத்தான் நான் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். மர்ஸூக் இதை உள்ளே இருந்தபோதும் கேட்கவில்லை, வெளியே வந்த பின்னும் கேட்கவில்லை.