பச்சைத் தேங்காய் போட்ட உருண்டை

எங்கள் தெருவில் ஆண்கள் இருக்கிற வீட்டைவிட ஆண்கள் போயிருக்கிற வீட்டுக்குத்தான் மரியாதை. திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள் மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று கிளம்பினால் திரும்பிவர மாதக்கணக்காகும். போகிறவர்கள் காட்டோரம் டென்ட் அடித்துத் தங்கி, பாறையைக் குடைந்து யார் யாருக்கோ தண்ணீர் எடுத்துக் கொடுப்பார்கள். இங்கே நாங்கள் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நிற்போம், அது வேறு விஷயம். என் அப்பாவும் ரிக்குக்குப் போகிறவர். அதில் எனக்கிருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

அவர் கிளம்புவதற்கு முந்தின இரண்டு நாளும் சமையலறைக்குள் யாரும் சும்மா நுழைய முடியாது. கெடாத பண்டம் செய்வது அம்மாவுக்கு ஏறக்குறைய விரதம் மாதிரி. கை ஈரமாக இருக்கக் கூடாது, கரண்டி ஈரமாக இருக்கக் கூடாது. புளிக்காய்ச்சலுக்கு மேல் நல்லெண்ணெய் ஒரு விரற்கடை நிற்க வேண்டும். கொள்ளுப்பொடியில் பூண்டை வறுத்த பிறகுதான் சேர்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே பொரிவிளங்காய் உருண்டை. வறுத்த அரிசி மாவும் பயற்றம் மாவும் சுக்கும் கலந்து, முற்றிய வெல்லப்பாகை ஊற்றிச் சூட்டோடு பிடிப்பது. கொப்பரையைத்தான் பல்லுப்பல்லாக நறுக்கிப் போட வேண்டும். ஒருமுறை நான் அடுப்படியில் கிடந்த தேங்காய் மூடியை எடுத்து நீட்டியதற்கு அம்மா என் கையிலேயே ஒன்று வைத்தாள்.

"பச்சத் தேங்கா போட்டா ஒரு வாரம் தாங்குமா? அத்தன தூரம் போறவங்களுக்கு ஊசிப் போனதக் கட்டிக் குடுக்கச் சொல்றயா?"

அம்மாவின் உருண்டை மூன்று மாதம் கெடாது. மூன்று மாதம் மெல்லவும் முடியாது என்பார் அப்பா. இதை உடைக்க ரிக்கையே கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் சொல்வார், அம்மாவும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பதுபோல் முறைப்பாள். முகாமில் எல்லார் வீட்டு டப்பாவும் ஒன்றுபோல் இருக்குமாம். அதனால் எங்கள் டப்பாவின் மூடியில் என் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைப்போம். அந்தப் பொட்டு வைக்கிற வேலை என்னுடையது.

நான் ஆறாம் வகுப்பு படித்த வருஷம், அப்பா ஒரு புது ரிக்கில் சேர்ந்திருப்பதாகச் சொல்லிக் கிளம்பிப் போனார். கொஞ்ச நாளில் பள்ளியிலிருந்து எங்களைப் பக்கத்திலேயே காவிரிக் கரையில் இருக்கிற ஜேடர்பாளையத்துக்குச் சுற்றுலா அழைத்துப் போனார்கள். பஸ்ஸில் போகும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழியிடம் அளந்துகொண்டே போனேன். எங்கப்பா காட்டுக்குள்ளே டென்ட்டில் படுத்திருப்பார், டென்ட்டுக்கு வெளியே கரடி உலாத்தும், எங்கப்பாவைக் கண்டால் அது வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடும். கரடிக்குச் சுருட்டுகிற அளவுக்கு வால் கிடையாது என்பது எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

தடுப்பணையைப் பார்த்துவிட்டு, மீன் வறுக்கும் கடைகள் பக்கமாக வந்தோம். டீச்சர் ஒரு கடையில் மீனுக்குச் சொன்னார். நாங்கள் வெளியே நிழலில் நின்றோம். கடையின் மரப்பலகைமேல், மசாலாக் கிண்ணத்துக்குப் பக்கத்தில், ஒரு டப்பா இருந்தது. மூடியில் சிவப்புப் பொட்டு.

அடுத்த நொடி உள்ளேயிருந்து அப்பா வந்தார். கைலியைத் தூக்கிக் கட்டியிருந்தார். முழங்கை வரைக்கும் மீன் செதில். என்னைப் பார்த்ததும் அவர் கையிலிருந்த தட்டு கொஞ்சம் சாய்ந்தது, பிறகு நேரானது. எனக்கு 'அப்பா' என்ற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. பக்கத்தில் அவள் நிற்கிறாளே, பஸ் முழுக்கக் கரடிக் கதை கேட்டவள். நான் விழுங்கினேனா, விழுங்குவதற்கு முன்னாலேயே அவர் முந்திக்கொண்டாரா, இன்று வரைக்கும் எனக்குத் தெளிவில்லை.

"எந்தப் பள்ளிக்கூடமுங்க சாமி?" என்று கேட்டார். எல்லாரையும் பார்த்துக் கேட்டார், என்னையும் சேர்த்து. யாரோ பெரிய இடத்துப் பிள்ளைகளிடம் கேட்பதுபோல.

தோழிதான் பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னாள். அவர் கையைத் துடைத்துவிட்டு டப்பாவைத் திறந்து ஆளுக்கொரு உருண்டை கொடுத்தார். "தின்னுங்க சாமி, ஊட்டுல செஞ்சது." கடைசியாக என்னிடம் வந்தார். என் கையில் இரண்டு வைத்தார். அவர் விரலில் மீன் வாடை வீசியது. நான் அவர் முகத்தைப் பார்க்காமல் அந்தப் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இதென்னடி கல்லாட்டம் இருக்குது!" என்று தோழி ஒரு கடி கடித்துவிட்டுக் கீழே போட்டாள். ஒரு நாய் வந்து முகர்ந்து பார்த்துவிட்டு அதுவும் வேண்டாமென்று போனது.

"வாயில செத்த நேரம் ஊறப் போடோணுங்க" என்றார் அப்பா மெதுவாக.

"ஏண்டி உனக்கு மட்டும் ரெண்டு?"

"தெரியல" என்றேன். அவர் காதில் விழுகிற தூரத்தில்தான் சொன்னேன்.

வெட்கம் என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. மீன் கழுவுகிற அப்பாவை நினைத்தா, எங்களை ஏமாற்றிய அப்பாவை நினைத்தா, 'தெரியல' என்ற என்னை நினைத்தா என்று பிரித்துப் பார்க்கத் தெரியாமல் காது மடல் எரிந்தது. வீட்டில் அம்மா "அங்க என்ன பாத்தே?" என்று கேட்டாள். தண்ணீர் பார்த்தேன் என்றேன்.

அன்று சாயங்காலமே அப்பாவிடமிருந்து போன். காட்டுக்குள் டவர் கிடைப்பதில்லை, ராவில் ஒரே குளிர் என்றெல்லாம் அம்மாவிடம் சொன்னார். அம்மா வழக்கம்போல் போனை என்னிடம் கொடுத்தாள். நான் வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்காவிட்டால் அவளுக்குச் சந்தேகம் வந்துவிடும்.

"கரடி வந்துச்சாப்பா?"



"வந்துச்சு சாமி" என்றார். "ஒண்ணும் பண்ணல. அது பாட்டுக்குப் போயிருச்சு."

பொங்கலுக்கு அவர் வந்தார். நானும் அவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே கரும்பு தின்றோம். ரிக்கிலிருந்து வரும் துணிகளில் பாறை மாவு அப்பியிருக்கும். அலசுகிற முதல் தண்ணீர் சாம்பல் கரைத்ததுபோல் ஆகும், அம்மா மூன்று வாளி மாற்றுவாள். அந்த முறை முதல் வாளியே தெளிவாக இருந்தது. மீன் வாடையை அம்மா கண்டுபிடித்துவிடுவாளோ என்று நான் பக்கத்திலேயே நின்றேன். அவள் சட்டையை வாளிக்குள் அமுக்கிப் பிடித்தபடி அந்தத் தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பிழிந்து கொடியில் போட்டாள். தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டேன்.

புது ரிக்கில் சேர்ந்ததாகச் சொன்னதற்கு முந்தின பயணத்தில் அப்பாவின் கண்ணெதிரே இரும்புக் குழாய் சரிந்து, கூட வேலை செய்த ஒருவர் செத்துப்போயிருக்கிறார். அதிலிருந்து ரிக் சத்தம் கேட்டாலே அவருக்குக் கை நடுங்கியிருக்கிறது. எங்கள் தெருவில் இதை வாய்விட்டுச் சொல்லிவிட்டு ஓர் ஆண் நிமிர்ந்து நடக்க முடியாது. இதெல்லாம் எனக்குத் தெரியவந்தபோது நான் கல்லூரியில் இருந்தேன்.

பொங்கல் முடிந்து அவர் மறுபடி 'மத்தியப் பிரதேசம்' கிளம்பினார். அம்மா உருண்டை பிடிக்க உட்கார்ந்தாள். கொப்பரை டப்பாவைப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன். அவள் அதைத் தள்ளிவிட்டு, அப்போதுதான் உடைத்த தேங்காயைக் கீறி நறுக்கிப் போட்டாள். பாகையும் முற்ற விடவில்லை. அவளுக்கு எதுவும் தெரிந்துவிடக் கூடாதே என்று எனக்குப் பதறியது.

"அம்மா, கெட்டுப் போயிரும்மா. அப்பா எத்தன தூரம் போறாங்க!"

"இருக்கட்டும் சாமி" என்றாள். "உங்கப்பனும்தான் எத்தன நாளைக்குக் கல்லக் கடிப்பாரு?"

காலையில் அப்பா டப்பாவை வாங்கினார். எப்போதும் தூக்கியதும் உள்ளே கூழாங்கல் உருளுவதுபோல் சத்தம் வரும். அன்றைக்குச் சத்தம் வரவில்லை. அவர் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். முகர்ந்தவர் தலை நிமிரவில்லை.

"ஒரு வாரத்துக்கு மேல வெக்காதீங்க" என்றாள் அம்மா. "தீந்துச்சுன்னா வந்து வாங்கிக்கங்க."

அப்பா வாசற்படியிலேயே நின்றார். அவர் கண் ஏன் அப்படிக் கலங்கியது என்று எனக்குப் புரியவில்லை. ஒரு டப்பா உருண்டைக்காக மத்தியப் பிரதேசத்திலிருந்து யாராவது வருவார்களா, இது கூடவா தெரியாது என்று எனக்கு அம்மாவை நினைத்து வெட்கமாக இருந்தது.