முகம் தெரிகிற படம்

எங்கள் இரண்டு கோப்புகளையும் சாலைக் கடைத்தெருவில் ஒரே கடையில்தான் வாங்கினோம். கறுப்பு அட்டை, உள்ளே கண்ணாடித்தாள் உறைகள். என்னுடையதில் நான் எடுத்த புகைப்படங்கள். படிப்பு முடிவதற்குள் ஏதாவது ஒரு பத்திரிகையில் புகைப்படக்காரனாகச் சேர அதைத்தான் காட்ட வேண்டும். விடுதியில் என்னோடு அறையில் இருந்தவனுடையதில் பத்திரிகைத் துண்டுகள். மாணவர் சங்கத்தின் சார்பில் கல்லூரித் தேர்தலில் தலைவர் பதவிக்கு நிற்க ஆசைப்பட்டான். போராட்டத்தில் அடி வாங்கியவனுக்குத்தான் சங்கம் இடம் தரும். வாங்கியதற்குச் சான்று வேண்டும்.

ஒவ்வொரு துண்டிலும் சிவப்பு மையில் ஒரு வட்டம். வட்டத்துக்குள் ஒரு முதுகு, அல்லது ஒரு கை.

"இதுல நீ எங்கடா?"

"அந்தக் கால் என்னுது, அளியா. செருப்பப் பாத்தாத் தெரியல்லியா?" வித்துராவுக்கு மேலே தேயிலைத் தோட்டத்துத் தமிழன். மச்சான் என்று சொல்வதை நகரத்துக்கு வந்து மலையாளத்து அளியா ஆக்கியிருந்தான்.

என் கோப்பும் தேறவில்லை. பத்திரிகை அலுவலகத்தில் படப்பிரிவு ஆசிரியர் கோயில் குளத்தையும் சங்குமுகம் கடற்கரை அஸ்தமனத்தையும் புரட்டிவிட்டு, "காலண்டர் அடிக்கிறவங்ககிட்டக் கொடு. செய்தி இருந்தா வா" என்றார்.

அடுத்த செக்ரட்டேரியட் ஊர்வலத்துக்கு இடத்தை அவனே குறித்தான். தடுப்பின் இடது ஓரம் அவன். போலீஸுக்குப் பின்னால், மதிலோரம் நான்.

"முகம் விழணும், கேட்டியா. முதுகு ஒரு கட்டு கெடக்கு."

முதல் கல் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. தடுப்பு சரிந்தது, போலீஸ் இறங்கியது. முன்வரிசையில் ஒருவனின் கை முழங்கைக்குக் கீழே தவறான பக்கம் மடங்கியது. விழுந்தவனைப் பூட்ஸ் கால்கள் மாறி மாறி மிதித்தன. தடியடி தொடங்கினால் எல்லோரும் குந்தித் தலையைக் கைகளால் மூடிக்கொள்வார்கள். அவன் குந்தவில்லை. கைகளைத் தொங்கவிட்டு நின்று என் கேமராவைத் தேடினான். முதல் அடி தோளில். அடுத்தது காதைக் கிழித்தது. அதற்குள் என்னைக் கண்டுபிடித்துவிட்டான். அதற்கடுத்த லத்தி இடது கண்ணின் மேல் குறுக்காக இறங்கியபோது பொத்தானை அழுத்தினேன்.

ஆஸ்பத்திரியில், துணிக்கட்டுக்குள்ளிருந்து கேட்டான். "விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

அன்று மாலை படப்பிரிவு ஆசிரியர் பிரிண்டை விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். "அந்த நெரிசல்ல ஃபோகஸ் எப்படி இவ்வளவு சுத்தமாக் கிடைச்சுது?"

"அவன் அசையல, சார்."

மறுநாள் முதல் பக்கத்தில் வந்தது. எனக்கு வேலை கிடைத்தது. அவன் கண்ணை எடுத்துவிட்டார்கள். வார்டில் கிடக்கிறவன் வாக்குக் கேட்டு எப்படிப் போவான் என்று சங்கம் வேறொருவனை நிறுத்தியது.

அவன் விடுதிக்குத் திரும்பிய அன்று வாசல் சுவரில் போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். என் படம்தான். ரத்தம் வழியும் அவன் முகம் ஒரு முழ அகலத்துக்கு. கீழே மற்றவனின் பெயர், வாக்களியுங்கள்.

"முகம் நல்லா விழுந்திருக்கு, அளியா" என்றான்.

பசை காயாத ஒன்றை உரித்தான். பெயர் இருந்த பட்டையைக் கிழித்து சாக்கடையில் எறிந்தான். மடித்தால்தான் கோப்பின் உறைக்குள் போகும். மடிப்பு படத்திலிருந்த கண்ணின் மேல் விழாதபடி, தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து மடித்தான்.