தெல்ச் நகரத்து வாத்தியார்

சாயல்குடிக்கு வடக்கே ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் குருநாதன் வாத்தியார் பூகோளமும் சரித்திரமும் நடத்தினார். எந்த ஊர்ப் பூகோளம் என்று யாரும் கேட்டதில்லை. 1955இல் டில்லியில் உள்ள தூதரகம் ஒன்றுக்கு இலவசப் புத்தகம் கேட்டுக் கார்டு போட்டார். படங்களோடு ஒன்று வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து செக்கோஸ்லோவாக்கியாவில் உள்ள தெல்ச் என்ற சின்ன ஊர்தான் மனிதருக்குச் சொந்த ஊர் மாதிரி. ஊரைச் சுற்றிக் குளங்கள். 1530இல் தீப்பிடித்து எரிந்தது. பிறகு பிரபு ஒருவர் இத்தாலியக் கொத்தனார்களை வரவழைத்துக் கட்டினார். சோற்றுக்கு முன்னும் இதுதான், பின்னும் இதுதான்.

மனைவி சண்முகவள்ளிக்குக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. கண்மாய்க்குக் கீழே அவளுடைய சீதன நிலம் இரண்டு குறுக்கம். உழவு, விதைப்பு, களை எல்லாம் அவள் பாடு. வாத்தியார் கண்மாய்க்கரை ஏறியதே இல்லை. செருப்பில் சேறு ஒட்டுமாம்.

1958இல், கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலைப் பக்கத்து ஊர் தனதென்றது. விசாரிக்க ஓவர்சியர் வந்தார். வரத்துக்கால் கைவிட்டுப் போனால் விவசாயம் போச்சு. அதன் ஒவ்வொரு திருப்பமும் தெரிந்தவன் மடை திறந்துவிடும் ராக்கப்பன். ஆனால் நிலம் வைத்திருக்கும் நம் சம்சாரிகளின் புத்தி எங்கே போகும்? அதிகாரி முன்னால் வேலையாள் வாய் திறக்கலாமா? இங்கிலீஷ் தெரிந்த வாத்தியாரை முன்னே தள்ளினார்கள்.

"உங்க கண்மாய்க்கு எந்தப் பக்கமிருந்து தண்ணி வருது?" ஓவர்சியர் தமிழில்தான் கேட்டார்.

வாத்தியார் இங்கிலீஷில் ஆரம்பித்தார். தெல்ச்சின் குளங்கள் வந்தன, தீயும் வந்தது. வரத்துக்கால் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாததை மறைக்க, எங்கள் கண்மாய்க்கு மழைத் தண்ணீரே போதும் என்று முடித்துவிட்டார்.

"சாமி, வடக்க இருந்து..." என்றான் ராக்கப்பன்.

"ஏலே, சும்மா இரு. சாரு பேசிக்கிட்டிருக்காருல்ல," என்று பெரிய சம்சாரி சேதுராமன் அதட்டினார். ஓவர்சியர் எழுதிக்கொண்டு போனார். வரத்துக்கால் பக்கத்து ஊருக்குப் போயிற்று.

அந்த வருஷம் நல்ல மழை. இருந்தும் கண்மாய் கால்வாசிதான் நிறைந்தது. மார்கழியில் பயிர் கருகியது. சண்முகவள்ளி புருஷனைக் கரைக்கு இழுத்து வந்தாள்.

"இதுல நம்ம வயலு எதுன்னு காட்டுங்க."

வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இடது பக்கம் கை நீட்டினார். அது பக்கத்து வயல்காரர் வீரபத்திரனுடையது.

அவள் தை பிறந்ததும் பக்கத்து ஊருக்குக் கூலிக்குக் கதிர் அறுக்கப் போனாள். வீட்டுக்காரர் என்ன வேலை பார்க்கிறார் என்று கூட அறுத்தவள் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல," என்றாள் சண்முகவள்ளி.